சொந்தத்தில் கட்டியதால் அல்ல

அன்புக் கண்ணு,

ஹைதராபாத்துக்குப் போகப் போவதில்லை என்று நீ ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு போனில் சொன்னதை உன் அம்மா வந்து என்னிடம் சொன்னாள். ஆராய்ச்சிக்குக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, ஓசூரிலேயே ஏதாவது ஒரு மருந்து கம்பெனியில் சேர்ந்து, எங்களோடு இருந்து முனிராஜைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாயாம். அம்மா அழவில்லை. எனக்கும் கோபம் வரவில்லை. ஷிப்டு முடிந்து வந்த உன் சரோஜா அத்தைதான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "அவளுக்கு ஒரு லெட்டர் எழுதுண்ணா. போன்ல பேசினா நடுவுல பேசி மடக்கிடுவா. லெட்டர்னா கடைசி வரைக்கும் படிச்சுத்தான் ஆவணும்" என்றாள். என்ன எழுதுவது என்று கேட்டேன். "எல்லாத்தையும் எழுது. என் கதையையும் சேத்து எழுது. அவ படிக்கிற படிப்புக்கும் என் கதைக்கும் சம்பந்தம் இருக்குன்னு அவளுக்கே தெரியாது" என்றாள். அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

உன் தம்பி பிறந்தபோது உனக்கு மூன்று வயது. அப்போதுதான் சூளகிரிப் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, சிப்காட்டில் லேத் ஓட்ட வந்து சேர்ந்திருந்தேன். கிருஷ்ணகிரியில் பிரசவம். குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது நான் முதலில் பார்த்தது அவன் கைகளைத்தான். இரண்டு கட்டைவிரல்களும் அகலமாக, நுனியில் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. கால் பெருவிரல்களும் அப்படியே. அழகாகத்தான் இருந்தான். ஆனால் பால் குடிக்கத் தெரியவில்லை. உறிஞ்சுவான், மூச்சு முட்டும், நீலம் பாரிக்கும், துப்பிவிடுவான். உன் அம்மாவும் சரோஜாவும் மாறி மாறி மடியில் போட்டுக்கொண்டு பாலாடையில் சொட்டுச் சொட்டாக ஊற்றினார்கள். அந்தப் பாலில்தான் அவன் பிழைத்தான். ஒரு வயதாகியும் கழுத்து சரியாக நிற்கவில்லை என்று மறுபடி கிருஷ்ணகிரி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் குழந்தையைப் புரட்டிப் பார்த்துவிட்டு எங்களைக் கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" நான், "ஆமாங்க, மாமன் பொண்ணுதான்" என்றேன். "அதான்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே நிறையப் பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அவரை நான் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நெருங்கிய சொந்தத்தில் கட்டுவதால் சில நோய்கள் வருவதும் உண்மைதான், அதை நீயே எனக்கு விளக்கியிருக்கிறாய். ஆனால் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நம் குடும்பம் இருபது வருடம் நடந்தது. உனக்குப் பிறகும் முனிராஜுக்குப் பிறகும் இன்னொரு குழந்தை வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. உன் அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டு ஆபரேஷன் செய்துகொண்டாள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினாள். போனால், வயதுக்கு வந்த பெண்ணை மாமனுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருப்பவர்கள் இவளைக் கண்டதும் குரலைத் தாழ்த்துவார்களாம். ஒருமுறை குருபரப்பள்ளியில் ஒரு நிச்சயதார்த்தத்தில் யாரோ முனிராஜைச் சுட்டிக்காட்டி, "இதப் பாத்தும் புத்தி வர்லன்னா எப்படி?" என்று பெண்ணின் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வந்துவிட்டாள்.

இதெல்லாம் உனக்கு அரைகுறையாகத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. உன் மாதேஷ் மாமாவுக்கும் சரோஜாவுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தது. எனக்குப் பெண் கொடுத்த வீட்டில் என் தங்கையைக் கொடுப்பதாகச் சின்ன வயதிலிருந்தே பேச்சு. பெரியவர்கள் பேசியது ஒருபக்கம் இருக்கட்டும், அவர்கள் இரண்டு பேருக்கும் அது பிடித்திருந்தது. அக்காவைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு மாதேஷ் சூளகிரியிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவான். அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசுவான், மீதி நேரமெல்லாம் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பான். தை மாதத்தில் நடத்திவிடலாம் என்று இருந்தபோதுதான் டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னார். இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லை, நடத்தவும் தைரியமில்லை.

மாதேஷ் நேராக என்னிடம் வந்தான். "எனக்கு எப்படிப் பொறந்தாலும் பரவால்ல மாமா. நான் வளத்துக்கறேன். நீங்க நாளக் குறிங்க" என்றான். நான் பதில் சொல்வதற்குள் சரோஜா உள்ளேயிருந்து வந்தாள், இடுப்பில் முனிராஜ். அப்போதுதான் அவனுக்குப் புரையேறி, முகமெல்லாம் பாலாக இருந்தது. "நீ வளத்துக்குவ. சரி. அது படற பாட்ட யாரு படறது? ஒரு வாய் பால் முழுங்கறதுக்கு இவன் என்ன பாடு படறான்னு ஒரு நாள் உக்காந்து பாத்திருக்கியா? தெரிஞ்சே இன்னொண்ண இதுக்குள்ள இழுத்துட்டு வர என்னால ஆவாது" என்றாள். மாதேஷ் பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுவருடம் சிங்காரப்பேட்டையில் பெண் எடுத்தார்கள். சூளகிரியில் ரோட்டோரமாக ஆணி, பைப், கம்பி விற்கும் கடை போட்டான். நம் வீட்டுப் பக்கம் மட்டும் வரவில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை, அதனால் சமாதானம் பேசவும் வழியில்லாமல் போயிற்று. கிருஷ்ணகிரி பஸ்ஸில் போகும்போதெல்லாம் உன் அம்மா தம்பி கடை வரும் பக்கத்து ஜன்னலோரமாக உட்காருவாள். நீ அது காற்றுக்காக என்று நினைத்திருப்பாய்.

சரோஜா வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. ஓசூரில் மின்சாமான் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள், முனிராஜை எங்களோடு சேர்ந்து வளர்த்தாள். அவனுக்கு முதல் வார்த்தை வர நாலு வயதுக்கு மேல் ஆயிற்று. அது 'அத்தை' என்ற வார்த்தைதான், அதாவது 'த்தே'. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவனைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். குழந்தைகளுக்கான பெரிய டாக்டர். அவர் வந்தவுடன் விரல்களைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார், எழுந்து போய் ஒரு தடிமனான புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். அதில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் படம். நிறம்தான் வேறு. அதே கண், அதே புருவம், அதே கட்டைவிரல், கண்ணை இறுக மூடிச் சிரிக்கும் அதே சிரிப்பு. உன் அம்மா அந்தப் படத்தில் கை வைத்து, "இவன் யாரு பையன்?" என்று கேட்டாள். "அது தெரியாதும்மா. ஆனா உங்க பையன் மாதிரி உலகம் பூரா இருக்காங்க" என்றார் அவர். இந்த நிலைக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. காரணம் என்ன என்று கேட்டேன். "யாருக்கும் இன்னும் தெரியாது" என்றார். சொந்தத்தில் கட்டியது காரணமா என்று அம்மா கேட்டாள். அதுவும் தெரியாது என்றார். பஸ்ஸில் வரும்போது அம்மா சொன்னாள்: "தெரியாதுன்னா இல்லைன்னு அர்த்தமா? நம்ம மனசு நோவக்கூடாதுன்னு சொல்றாரு."

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று நீ பார்க்க வேண்டும். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாஸ்டலிலிருந்து வந்தவள், சாப்பிடக்கூட உட்காராமல் பையிலிருந்து ஜெராக்ஸ் தாள்களை எடுத்துப் போட்டாய். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்து, அவள் முன்னால் வைத்துச் சொன்னாய். நம் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆள் உயரத்துக்கு மேல் நீளமான ஒரு நூல் இருக்கிறது. உடம்பை எப்படிக் கட்டுவது, எப்படி நடத்துவது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. அவ்வளவு நீள நூல் அவ்வளவு சின்ன இடத்துக்குள் அடங்க வேண்டுமானால் எதன் மீதாவது சுற்றியிருக்க வேண்டும். அந்த நூல் சுற்றியிருக்கும் மணிகளுக்கு ஹிஸ்டோன் என்று பெயர். இறுகச் சுற்றியிருக்கும் இடத்தை செல்லால் படிக்க முடியாது. படிக்க வேண்டிய இடத்தை மட்டும் தளர்த்த வேண்டும், வேலை முடிந்தால் மறுபடி இறுக்க வேண்டும். தளர்த்துவதற்கென்று சில நொதிகள், என்சைம்கள் இருக்கின்றன. அவை ஹிஸ்டோனின் மீது ஒரு சின்ன அடையாளத்தை ஒட்டிவிட்டுப் போகும். அந்த அடையாளத்தை எடுத்துவிட்டு இறுக்குவதற்கென்று வேறு சில நொதிகள் இருக்கின்றன. கண்ணிலும் ஈரலிலும் எலும்பிலும் இருப்பது ஒரே நூல்தான். எங்கே தளர்கிறது, எங்கே இறுகுகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒன்று கண்ணாகிறது, இன்னொன்று ஈரலாகிறது.

அம்மா, "சரி, இதுல முனிராஜு எங்க வர்றான்?" என்றாள். நீ சொன்னாய்: தளர்த்துகிற நொதிகளில் ஒன்றைச் செய்வதற்கான குறிப்பு எல்லோருக்கும் இரண்டு பிரதி உண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. முனிராஜ் மாதிரிக் குழந்தைகளுக்கு அதில் ஒரு பிரதி கெட்டுப்போயிருக்கிறது. மற்றது நன்றாக இருந்தும் பாதி நொதிதான் கிடைக்கிறது. அது உடம்பில் ஒரு வேலைக்கு மட்டுமான நொதி இல்லை, எத்தனையோ இடங்களைத் திறந்துவிடுகிற நொதி. அதனால்தான் விரல், மூக்கு, விழுங்குவது, பேச்சு, படிப்பு என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாததுபோல இருக்கிற எல்லாவற்றிலும் அந்தக் குறை தெரிகிறது. இதே நொதி ரத்தத்தில் இன்னொன்றோடு தவறாக ஒட்டிக்கொண்டு, திறக்கக்கூடாததைத் திறந்தால் ஒருவகை ரத்தப் புற்றுநோய்கூட வருகிறது என்றும் சொன்னாய். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அவள் வேறொன்றைக் கேட்கக் காத்திருந்தாள்.

"கெட்டுப்போனது எங்கிட்ட இருந்து வந்ததா, உங்கப்பாகிட்ட இருந்து வந்ததா?"

"ரெண்டு பேருகிட்ட இருந்தும் இல்லம்மா. உங்க ரெண்டு பேருக்கும் அது நல்லாத்தான் இருக்கும். அவன் கருவாகற சமயத்துல புதுசா கெட்டிருக்கு. இவன மாதிரி ஏறக்குறைய எல்லாக் கொழந்தைங்களுக்கும் அப்படித்தான். நீ எங்கியோ முன்னபின்ன தெரியாத ஊர்ல வாக்கப்பட்டிருந்தாலும் இது வந்திருக்கலாம். சொந்தத்துல கட்டினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அம்மா நூல்கண்டை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். "நீ எம் பொண்ணு. என்னத் தேத்தறதுக்குச் சொல்வ. அந்தப் பெங்களூரு டாக்டரு வாயால சொல்லட்டும்" என்றாள். உனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த வாரமே கூட்டிக்கொண்டு போனாய். டாக்டருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. முனிராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, யார் கையையும் அப்படித்தானே பிடிப்பான். நீ சொன்னதையெல்லாம் அவரும் ஒப்புக்கொண்டார். அம்மா கன்னடத்தில் கேட்டாள், அவரும் கன்னடத்திலேயே சொன்னார்: "நிம்ம தப்பேனூ இல்லம்மா." வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. உங்கள் தப்பு ஒன்றுமில்லை என்பதைக் கேட்பதற்கு ஒரு மனுஷி அவ்வளவு காலம் காத்திருக்கிறாள். நீ அவளுக்கு அதை வாங்கிக்கொடுத்தாய். பெற்றவனாக நான் உனக்கு எவ்வளவோ செய்திருக்கலாம், அதற்கு ஈடாக என்னிடம் ஒன்றும் இல்லை.

நீ ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டாய். பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. சரோஜாவிடம் இதைச் சொல்வதா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. அம்மா வேண்டாம் என்றாள். "இப்ப சொல்லி என்ன ஆவப் போவுது? எந்தப் பயத்துல அவ வேணாம்னாளோ அதுவே பொய்னு சொல்றதா? எந்த வாயால சொல்றது?" என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. ஆனால் உண்மையை மறைத்து ஒருத்தியைக் காப்பாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவள் வாழ்க்கையைப் பற்றிய செய்தி, அவளுக்குத்தான் முதலில் சேர வேண்டும். மறுநாள் காலை அவளுக்கு விடுமுறை. முனிராஜுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நீ சொன்ன மாதிரியே எல்லாவற்றையும் சொன்னேன். துவட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள். முடித்ததும், "அப்போ நான் சும்மாவே பயந்திருக்கேன்" என்றாள். ஈரத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை. சொல்லியிருக்க வேண்டாமோ என்று அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் எழுந்து வந்து முகம் கழுவினாள். "நாளைக்கு லீவு போடு. சூளகிரிக்குப் போவணும். நீ கூட வா" என்றாள்.

மாதேஷ் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் தராசுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. "டாக்டரு அன்னிக்குச் சொன்னது தப்பாம். பாப்பா படிச்சிட்டு வந்து சொன்னா. உங்கிட்ட நானே சொல்லணும்னு வந்தேன்" என்றாள். அவன் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன, ஒவ்வொன்று போகும்போதும் பேச்சு நின்றது. கடைசியில் மாதேஷ் சொன்னான்: "டாக்டரு பேச்ச நான் அன்னிக்கே நம்பல, சரோஜா. நீ வேணாம்னு சொன்னதத்தான் நம்பினேன்."

"அத இனிமே மாத்த முடியாது" என்றாள் அவள். "உங்கக்காவ வந்து பாரு. அது மாத்தக்கூடியது."

வந்தான். மனைவி, பிள்ளைகளோடு வந்தான். அக்காவும் தம்பியும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் எழுதப்போவதில்லை, பெரிதாக ஒன்றும் பேசவுமில்லை, கறிக்குழம்பில் உப்பு குறைவு என்று அவன் சொன்னான், அவள் உப்புக் கிண்ணத்தை நகர்த்தினாள். இப்போது முனிராஜ் வாரத்தில் மூன்று நாள் மாமா கடைக்குப் போகிறான். பைப் துண்டுகளை அளவுவாரியாக அடுக்குவது அவன் வேலை. தப்பாகவும் அடுக்குவான். மாதேஷின் மனைவி கூடவே நின்று சொல்லிக்கொடுக்கிறாள். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுக்கிறான். சிலர் கையை இழுத்துக்கொள்கிறார்கள், பலர் கொடுக்கிறார்கள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ போகாமல் இருப்பதற்குச் சொல்கிற காரணம் முனிராஜ். அதைக் கேட்டதும் சரோஜா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவளுக்கு உள்ளுக்குள்ள ஏதோ பயம் இருக்குண்ணா. ஊர் புதுசு, பாஷ புதுசு, பெரிய படிப்பு, முடியுமோ முடியாதோன்னு. அந்தப் பயத்துக்குக் கடமைன்னு பேரு வெக்கிறா. நான் வெச்ச மாதிரியே." இது உண்மையா இல்லையா என்று எனக்குப் பதில் எழுத வேண்டாம். நீயே தனியாக உட்கார்ந்து யோசி. உண்மையாக இருந்தால் பயத்தோடேயே கிளம்பு. நான் லேத் முன்னால் முதல் நாள் நின்றபோது கை நடுங்கியது, நடுங்கிய கையோடுதான் ஓட்டினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ அங்கே ஆராயப்போவது அந்த நொதிகளைத்தான், அதனால் தம்பியைச் சரிசெய்வதற்காகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டும் போகாதே. அன்று அம்மா மருந்து உண்டா என்று கேட்டபோது, "இறுக்கற நொதியத் தடுக்கற மருந்துங்களத் தேடிக்கிட்டிருக்காங்க. ஆனா அது இவனுக்கு உதவுமான்னு எனக்குத் தெரியாது" என்றாய். அந்தத் தெரியாது என்ற சொல்லை நீ கடைசி வரைக்கும் விடக்கூடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் இந்த வீட்டில் ஒரு கல்யாணம் நடந்திருக்கும். நீ கண்டுபிடிப்பது இரண்டு பேருக்கு உதவலாம், யாருக்கும் உதவாமலும் போகலாம். எதுவானாலும் சரியாகப் பார், பார்த்ததை மட்டும் சொல். எங்கோ யாரோ பார்த்து எழுதிய சில தாள்கள்தான் உன் அம்மாவைத் தன் தம்பியிடம் கொண்டுவந்து சேர்த்தன. எழுதியவர்களுக்கு அவள் யார் என்றே தெரியாது. நீயும் அப்படி யாருக்கோ எழுது.

முனிராஜைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அக்காவென்றால் கவலைப்படத்தான் செய்வாய். ஆனால் அவனுக்கு நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம், மாமா குடும்பம் இருக்கிறது. எங்கள் காலத்துக்குப் பிறகு என்ன என்று கேட்பாய். அதையும் மாதேஷும் நானும் பேசி ஒரு முடிவு செய்திருக்கிறோம், நேரில் வரும்போது சொல்கிறேன். உன்னைக் கலந்துகொள்ளாமல் எதையும் முடிக்கமாட்டோம். ஆனால் அந்த முடிவில் உன் படிப்பை நிறுத்துவது என்பது எந்த இடத்திலும் கிடையாது.

பெங்களூரிலிருந்து ஹைதராபாத்துக்கு உனக்கும் சரோஜாவுக்கும் ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. உன்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்து, ஹாஸ்டல் அறையைப் பார்த்து, சாப்பாடு எப்படி என்று தெரிந்துகொண்டுதான் வருவாளாம். கம்பெனியில் ஒரு வாரம் லீவும் வாங்கிவிட்டாள். பெங்களூரைத் தாண்டி அவள் எங்கும் போனதில்லை. நீ வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் அவள் என்ன செய்வாள் என்று நேற்று அவளையே கேட்டேன். அப்போதும் தான் போவதாகத்தான் சொல்கிறாள். அந்த என்சைமை ஒருதரம் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
உன் அப்பா